இருசக்கர வாகனப் பராமரிப்பு: கம்பெனி சர்வீஸும் சொந்த வேலையும்

இருசக்கர வாகனப் பராமரிப்பு என்பது மோட்டார் சைக்கிள் அல்லது ஸ்கூட்டர் பழுதாகி நிற்கும் முன்பே அதன் ஆயில், பிரேக், செயின், டயர், பேட்டரி முதலியவற்றைக் குறித்த காலத்தில் சோதித்து, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றும் வேலையாகும். வண்டி நின்றபின் செய்யும் ரிப்பேர் வேறு, இது வேறு. தமிழ்நாட்டில் இந்த வேலை மூன்று இடங்களில் நடக்கிறது. ஒன்று, வண்டி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம். பேச்சு வழக்கில் இதைக் 'கம்பெனி சர்வீஸ்' என்றோ 'ஷோரூம்' என்றோ சொல்கிறோம். இரண்டாவது, தெருமுனை மெக்கானிக் கடை. மூன்றாவது, நம் வீட்டு வாசல்.

எந்த வேலையை எங்கே செய்தால் பணமும் உயிரும் பத்திரமாக இருக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கார்களுக்கும் இதில் பல செய்திகள் பொருந்தும். ஆனால் மாணவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பைக்கும் ஸ்கூட்டரும்தான் என்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

அன்றும் இன்றும்

சென்னையில் 1955 இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியது. ஓசூரில் 1980 இல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அந்தக் கால வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு அரைகுறையாகவாவது மெக்கானிக் வேலை தெரிந்திருக்கும். தெரியாமல் ஓட்ட முடியாது என்பதே காரணம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் கூடினால் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து வண்டி பாதி வழியில் நிற்கும். பிளக் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் பெட்டியில் இல்லாமல் நான் பள்ளிக்குப் போனதில்லை.

இன்றைய வண்டி அப்படியல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசு விதிகளுக்குப் பிறகு, புதிய பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டரின் இடத்தில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை ஒரு சிறு கணினியும் சென்சார்களும் தீர்மானிக்கின்றன. முன்பு ஸ்க்ரூ டிரைவரால் 'டியூனிங்' செய்த இடத்தில் இப்போது திருகுவதற்கு ஒன்றும் இல்லை. மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று படிக்க, அதற்குரிய கருவியை இணைக்க வேண்டும். அக்கருவி பெரும்பாலும் கம்பெனி சர்வீஸில்தான் இருக்கும்.

இதைக் கேட்டு, 'இனி வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது' என்று பலர் நினைத்துவிட்டார்கள். டயரும் செயினும் பிரேக்கும் அன்று இருந்தது போலத்தான் இன்றும் தேய்கின்றன.

உத்தரவாதக் காலத்தில்

புதிய வண்டியுடன் இலவச சர்வீஸ் கூப்பன்கள் தருவார்கள். இதில் இலவசம் என்பது கூலி மட்டும். ஆயில், ஃபில்டர் போன்ற பொருள்களுக்குப் பணம் கட்ட வேண்டும். இதை அறியாமல் முதல் சர்வீஸிலேயே சண்டை போடுபவர்கள் உண்டு.

முதல் சர்வீஸ் பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வரும். இவ்வளவு சீக்கிரம் ஏன்? புதிய எஞ்சினில் பிஸ்டன் வளையங்களும் கியர் பற்களும் ஒன்றோடு ஒன்று உராய்ந்து படியும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் கலக்கின்றன. அந்த ஆயிலை வெளியேற்றுவதே முதல் சர்வீஸின் முக்கிய வேலை. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வண்டியோடு வரும் புத்தகத்தில் உத்தரவாத நிபந்தனைகள் உள்ள பக்கத்தை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். எல்லா சர்வீஸ்களையும் குறித்த காலத்தில் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும். ஆகவே உத்தரவாதம் முடியும் வரை ஆயில் மாற்றுதல் போன்ற அட்டவணை வேலைகளைக் கம்பெனியில் செய்வதே புத்திசாலித்தனம். அங்கே மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய்க்காக, பின்னால் எஞ்சினில் கோளாறு வந்தால் சில ஆயிரங்களை இழக்க நேரிடும். செயினைத் துடைப்பதற்கும் காற்று பார்ப்பதற்கும் எந்த உத்தரவாதமும் தடை சொல்வதில்லை.

ஒரு பில்லும் ஒரு பேனாக் குறியும்

சில ஆண்டுகளுக்கு முன் என் 125 சிசி பைக்கைக் கட்டண சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மாலையில் வந்த பில் 1,840 ரூபாய். ஆயில் 430, கூலி 480, ஏர் ஃபில்டர் 260, செயின் சுத்தம் 120, பாலிஷ் 200, 'கார்பன் கிளீனர்' 350. கடைசி இரண்டையும் நான் கேட்கவில்லை.

ஏர் ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் அதன் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதி வைப்பது என் வழக்கம். விடைத்தாள் திருத்திய கை, எதையும் குறிக்காமல் விடாது. வீட்டுக்கு வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், என் கையெழுத்தோடு பழைய ஃபில்டரே உள்ளே இருந்தது. செயினிலும் பழைய மண் அப்படியே ஒட்டியிருந்தது. மறுநாள் பில்லோடு போய்க் கேட்டபோது, முதலில் 'மாற்றியாச்சு சார்' என்றார்கள். தேதியைக் காட்டியபின் புதிய ஃபில்டரைப் போட்டுத் தந்தார்கள். மற்ற பணம் திரும்பவில்லை.

இதனால் எல்லா சர்வீஸ் நிலையங்களும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஒரு மெக்கானிக் ஒரு நாளில் பல வண்டிகளை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் வேலை செய்கிறார். பொருள் விற்றால்தான் நிலையத்துக்கு வருமானம். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை வாடிக்கையாளர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் என்னென்ன வேலை, உத்தேசமாக எவ்வளவு என்று எழுதச் சொல்லிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 'கேட்காமல் கூடுதல் வேலை செய்ய வேண்டாம்' என்று அதிலேயே எழுதலாம். கழற்றிய பழைய பாகங்களைத் தரச் சொல்லுங்கள். பழைய பிரேக் ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்தாலே அது உண்மையில் தேய்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் டயர் காற்று. பல 100 சிசி, 125 சிசி பைக்குகளுக்கு முன்சக்கரத்தில் 25 பிஎஸ்ஐ, தனியாக ஓட்டும்போது பின்சக்கரத்தில் 28 அல்லது 29 பிஎஸ்ஐ என்ற அளவில் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் இன்னும் கூட்ட வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியிலேயே ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், நெடுந்தூரம் ஓடிய சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். காற்று குறைந்த டயர் ஓரங்களில் தேயும், அதிகமான டயர் நடுவில் தேயும். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் உள்ள சிறு முக்கோணக் குறியோ ஆங்கில எழுத்துக் குறியோ அந்த மேடு இருக்கும் இடத்தைக் காட்டும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான், மழைச் சாலையில் அது பிடிக்காது.

அடுத்தது செயின். பைக்கில் மிகவும் புறக்கணிக்கப்படும் பாகம் இதுவே. மூடியில்லாத செயின் என்றால் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் ஓட்டினால் அதற்கும் முன்பாக, துடைத்து ஆயில் விட வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்துச் சாவியையும் எடுத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி துடைக்கவும். இதில் மட்டும் நான் கண்டிப்பான வாத்தியார்: எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது. துணி செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையே சிக்கினால், துணியோடு விரலும் போகும். வேலை சீக்கிரம் முடியும் என்று இப்படிச் செய்து விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால், பல சிறிய பைக்குகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். அதிகம் ஆடினால் செயின் கழலலாம். ஆடாமல் இறுகியிருந்தால் பேரிங்குகள் கெடும். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இருபுறமும் உள்ள அட்ஜஸ்டர்களைச் சம அளவில் திருகவேண்டும். ஒரு பக்கம் மூன்றாம் கோட்டிலும் மறு பக்கம் நான்காம் கோட்டிலும் நின்றால் சக்கரம் கோணலாக ஓடும்.

மூன்றாவது, பிரேக் சோதனை. கழற்றுவதைச் சொல்லவில்லை, சோதிப்பதை மட்டும் சொல்கிறேன். டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் கையின் அருகே ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அந்த அம்பு பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நட்டைத் திருகி இறுக்கிக்கொண்டே போவது ஆபத்து. டிஸ்க் பிரேக்கில் ஹேண்டில் பாரில் உள்ள சிறு டப்பாவில் பிரேக் ஆயில் அளவு கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்கவும். குறைந்திருந்தால் பேடு தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேயோ கசிகிறது. இரண்டுமே காரணம் தேட வேண்டியவை, வெறுமனே ஊற்றி நிரப்ப வேண்டியவை அல்ல.

நான்காவது, எஞ்சின் ஆயில். உத்தரவாதம் முடிந்த வண்டியில் வீட்டிலேயே மாற்றலாம். கடையில் ஆயில் வாங்கும்போது பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். டப்பாவில் 10டபிள்யூ-30 போன்ற எண் இருக்கும். இது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. முதல் எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு, இரண்டாம் எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஆனால் எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது. கியர் பைக்கில் கிளட்ச் தட்டுகளும் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கின்றன. ஆகவே அதற்கு 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று குறிப்பிட்ட ஆயில் வேண்டும். கியரில்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் தனியே உலர்ந்த இடத்தில் இருப்பதால் 'ஜாசோ எம்பி' வகை ஆயில் போடுவார்கள். அது உராய்வைக் குறைக்கும். அதையோ, கார் ஆயிலையோ பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஆக்சிலரேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

வண்டியை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் சற்றுச் சூடாகி எளிதில் இறங்கும். கொதிக்கும் சூட்டில் திறக்கக் கூடாது. அடியில் அகலமான பாத்திரம் வைத்து, டிரெய்ன் நட்டைக் கழற்றி, முழுதும் வடியவிட்டு, புதிய வாஷர் போட்டு நட்டை மாட்டவும். பிறகு புத்தகத்தில் சொன்ன அளவு ஆயிலை அளந்து ஊற்றவும். 100 சிசி வண்டிகளுக்கு இது ஒரு லிட்டரை ஒட்டியே இருக்கும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மேலும் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் பார்க்கவும். பல வண்டிகளில் டிப் ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே உள்ளே வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்சக்கரத்தின் அருகே கியர் ஆயிலுக்குத் தனி நட்டு உண்டு. எஞ்சின் ஆயில் என்று நினைத்து அதைத் திறந்து வடித்துவிட்டு, எஞ்சினில் புதிய ஆயிலையும் ஊற்றிவிடுபவர்கள் உண்டு. விளைவு, கியரில் ஆயில் இல்லை, எஞ்சினில் இரு மடங்கு.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். முதன்முறை ஆயில் மாற்றியபோது கசியக் கூடாது என்ற பயத்தில் நீளமான ஸ்பேனரால் டிரெய்ன் நட்டை முறுக்கினேன். நட்டு இரும்பு, எஞ்சின் உறை அலுமினியம். மரை போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போய், லேத்தில் புதிய மரை போட்டு முடிக்க 900 ரூபாயும் இரண்டு நாளும் ஆயின. அந்த ஆண்டு முழுவதும் நான் மிச்சப்படுத்திய கூலி அதோடு சரி. எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பதற்கு டார்க் ரெஞ்ச் என்ற கருவி இருக்கிறது. அது இல்லையென்றால் குட்டையான ஸ்பேனரே நல்லது.

ஏர் ஃபில்டரில் ஒரு எச்சரிக்கை. உலர்ந்த தாள் வகையைத் தட்டியும் காற்றடித்தும் சுத்தம் செய்யலாம். ஆனால் பல புதிய வண்டிகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் தாள் ஃபில்டர் உள்ளது. அதைக் காற்றடித்தால் பாழாகிவிடும். குறித்த தூரத்தில் மாற்ற மட்டுமே வேண்டும்.

வீட்டில் தொடக்கூடாதவை

பிரேக்கைப் பிரிப்பது, டிஸ்க் பிரேக் குழாயில் காற்று எடுப்பது, முன் ஃபோர்க், ஸ்கூட்டரின் பெல்ட் அறை, ஃப்யூயல் பம்பு, ஏபிஎஸ் ஆகியவை பயிற்சியும் கருவியும் வேண்டிய வேலைகள். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது எளிதுபோலத் தோன்றும். ஆனால் டிரம் பிரேக் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாதபடி ஒரு கம்பி அதைச் சேசிஸோடு பிடித்திருக்கும். அந்தக் கம்பியின் நட்டை மாட்ட மறந்தால், முதல் முறை வேகமாகப் பிரேக் பிடிக்கும்போது பிளேட்டே திரும்பி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆயிலில் செய்த தவறு பணத்தோடு போகும், இது அப்படிப் போகாது.

மின்சார ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டியையும் கன்ட்ரோலரையும் திறக்கவே வேண்டாம். அதில் வீட்டில் பார்க்கத்தக்கவை டயர், பிரேக், சுத்தம் மட்டுமே.

தெருமுனை மெக்கானிக்

உத்தரவாதம் முடிந்த வண்டிகளில் பெரும்பகுதி இவர்களிடம்தான் போகிறது. நம் கண் முன்னே வேலை நடக்கும், கேட்டால் விளக்குவார், கூலியும் குறைவு. கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ, செயின் செட் போன்றவற்றுக்கு அனுபவமுள்ள மெக்கானிக்கே போதும் என்பது என் கருத்து. குறை இரண்டு. பில் கிடைக்காது, ஆகவே பின்னால் புகார் செய்ய ஆதாரம் இருக்காது. போலி ஸ்பேரும் நுழையலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போல ஒவ்வொரு ஊரிலும் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. பாகத்தை நாமே பில்லோடு வாங்கி, மாட்டும் கூலியை மட்டும் மெக்கானிக்குக் கொடுக்கலாம். பெட்டியில் அச்சிட்ட விலையும் பாக எண்ணும் இல்லாத பிரேக் பாகத்தை, எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

வெளியில் ரிப்பேர் செய்தால் உத்தரவாதம் முழுவதும் ரத்தாகிவிடுமா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் இதற்கு வரம்பு கட்டியது. இந்தியாவில், கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு விற்காமல் தடுக்கின்றன என்ற புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது, வெளி வேலையின் தவறால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அவ்வுத்தரவு கூறியது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. இவ்வுத்தரவு கார்களைப் பற்றியது, பைக்குகளுக்கு நேராகப் பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடங்கும்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்குவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்படி சேவைக் குறைபாடாகப் புகார் செய்யத்தக்கது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பில், ஜாப் கார்டு, புகைப்படம் மூன்றும் இருந்தால் வாதம் எளிது. வீட்டில் வேலை செய்பவர்களும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஓடிய தூரம், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, ஆயில் வாங்கிய பில்லை அதில் ஒட்டி வைக்க வேண்டும். வண்டியை விற்கும்போது அந்த நோட்டைக் காட்டினால், பேரம் பேசுபவர் குரல் சற்று இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய ஆயில்

வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள் வடித்த ஆயிலை என்ன செய்வது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அபாயகரக் கழிவுகள் தொடர்பான 2016 ஆம் ஆண்டு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடங்குகிறது. சாக்கடையில் கொட்டினால் குளத்துக்கும் நிலத்தடி நீருக்கும் போகும். செடிக்கு ஊற்றினால் மண் கெடும். கரையான் வராமலிருக்க மரக்கட்டையில் பூசும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. அதையும் கிணற்றடியிலோ மாட்டுக் கொட்டகையிலோ செய்யாதீர்கள். புதிய ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி, மேலே 'பழையது' என்று எழுதி, அடுத்த முறை மெக்கானிக் கடைப் பக்கம் போகும்போது கொடுத்துவிடலாம். பழைய ஆயிலைச் சேர்த்து வாங்கிச் செல்பவர்கள் அங்கே வருவார்கள்.